அடியில் கேட்கும் சத்தம்: பார்ப்பதற்கும் கூலி கொடுப்போம்

பழைய வாகனம் ஒன்றின் அடியில் கடகடவென்று சத்தம் வந்தால் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கு நம் பிரதேசத்தில் யாரும் கூலி கொடுப்பதில்லை. பொருளை மாற்றுவதற்கு மட்டுமே கொடுக்கிறோம். ஊவா மாகாணத்தின் சிறு வியாபாரிகளும் ஹயர் ஓட்டுபவர்களும் வருடா வருடம் இழக்கும் பணத்தில் ஒரு பகுதி இந்தப் பழக்கத்தால் போகிறது என்பது எனது கருத்து. பணத்தோடு போனால் பரவாயில்லை. நம் மலைப் பாதைகளில் அது உயிரோடும் சம்பந்தப்பட்ட விடயம்.

பண்டாரவளையில் வாகன உதிரிப்பாகக் கடை நடத்துபவன் என்ற வகையில் இதைச் சொல்கிறேன். கொஸ்லந்தை, பூனாகலை, மீரியபெத்த பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் வேன்காரர்களும் முச்சக்கர வண்டிக்காரர்களும் கடையில் பெரும்பாலும் ஒரே மாதிரியாகவே பேச்சைத் தொடங்குவார்கள். "நானா, வண்டிக்கு அடியில சத்தம் வருது. முன்னுக்கு ஷொக் ரெண்டு குடுங்க" என்பார்கள். சத்தம் எப்போது வருகிறது, எந்தப் பக்கம் வருகிறது என்று அவருக்கும் தெரியாது, அனுப்பிய பாஸுக்கும் தெரியாது. வாங்கவேண்டிய பொருள் மட்டும் தீர்மானமாகியிருக்கும். கேட்டதைக் கொடுத்துப் பணத்தை லாச்சியில் போட்டால் எனக்கு ஒரு நட்டமும் இல்லை. சத்தம் நிற்காவிட்டால் அதே மனிதர் அடுத்த வாரம் வேறொரு பொருள் கேட்டு வருவார். எனக்கு இலாபம் தரும் இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்றுதான் இக்கட்டுரையில் கேட்கிறேன்.

பழைய வாகனம்தான் முதலீடு

முதலில் நிலைமையைப் பார்ப்போம். 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்தது, எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோம், உதிரிப்பாகங்களின் விலையும் கூடவே ஏறியது. இறக்குமதி திறந்த பின்னரும் வரிகளைக் கூட்டிப் பார்த்தால் புதிய வாகனம் நம்மைப் போன்றவர்களின் கைக்கு எட்டுவதாக இல்லை.

எனவே 20 வருடம், 30 வருடம் ஓடிய வாகனங்களே இன்றும் நம் வீதிகளில் உழைக்கின்றன. நாம் 'டொல்பின்' என்று அழைக்கும் டொயோட்டா ஹைஏஸ் வேன், டவுன்ஏஸ், இசுசு எல்ஃப் லொறி, 'பட்டா' என்று பெயர் எடுத்த டாடா ஏஸ், பஜாஜ் முச்சக்கர வண்டி ஆகியவை பல குடும்பங்களுக்கு வீட்டுக்கு அடுத்த சொத்து. சிலருக்கு வீட்டையும் விடப் பெரிய சொத்து. லயன் அறையில் வாழும் ஒருவருக்கு வீடு சொந்தமில்லை, வேன்தான் சொந்தம். அந்த வேன் காலையில் பிள்ளைகளைப் பாடசாலைக்கும், பகலில் மரக்கறியைச் சந்தைக்கும், இரவில் நோயாளியை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோகிறது.

அது ஓடும் பாதையையும் நினைத்துப் பாருங்கள். பெரகலையிலிருந்து கொஸ்லந்தை, தியலும வழியாக வெல்லவாயவுக்கு இறங்கும் ஏ4 வீதி வளைவும் இறக்கமுமாகச் செல்வது. அதிலிருந்து பிரிந்து தோட்டங்களுக்குள் ஏறும் பாதைகளில் பல இடங்களில் தார் கழன்று கல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. 2025 நவம்பரில் வந்த டித்வா புயலின் மண்சரிவுகளில் பதுளை மாவட்டத்தின் பல வீதிகள் மேலும் சிதைந்தன. இப்படியான பாதையில் தினமும் ஓடும் பழைய வாகனத்தின் அடியில் சத்தம் வராவிட்டால்தான் ஆச்சரியம். சத்தம் வருவதைத் தடுக்க முடியாது. அது என்ன சத்தம் என்று பிரித்தறிய முடியும்.

வருடாந்தம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது புகைப் பரிசோதனை செய்கிறோமே என்று சிலர் கேட்கலாம். அந்தப் பரிசோதனை புகையை அளக்கிறது. போல் ஜொயின்ட் தேய்ந்திருக்கிறதா, வீல் நட் இளகியிருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. புகைச் சான்றிதழ் கையில் இருப்பதை வாகனம் முழுவதற்கும் கிடைத்த சான்றிதழாக எடுத்துக்கொள்வது தவறு.

சத்தத்திடம் கேட்கவேண்டிய கேள்விகள்

கராஜுக்குப் போவதற்கு முன் வாகனச் சொந்தக்காரர் தானே செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. அதற்கு ஆயுதம் தேவையில்லை, காதும் பொறுமையும் போதும். முதலில் வாகனத்துக்குள் கிடக்கும் ஜக், ஸ்பனர், வெற்றுப் போத்தல் எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள். 'அடியில் சத்தம்' என்று வந்த எத்தனையோ முறைப்பாடுகள் ஆசனத்துக்குக் கீழே கிடந்த ஜக்கோடு முடிந்திருக்கின்றன. அதன் பின்னர் கீழ்வரும் கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, வாகனம் நிற்கும்போதும் சத்தம் வருகிறதா? சமதரையில் நிறுத்தி, கைத்தடையைப் போட்டு, கியர் இல்லாமல் இயந்திரத்தை மட்டும் மெல்ல முடுக்கிப் பாருங்கள். அப்போதும் கடகடத்தால் சில்லுப் பக்கத்தை விட்டுவிட்டு இயந்திரம், சைலன்சர் பக்கத்தைப் பார்க்க வேண்டும். பழைய வாகனங்களில் இதற்கு மிகச் சாதாரணமான காரணம், சைலன்சர் குழாயின் சூடு மேலே ஏறாமல் தடுக்கப் பொருத்தியிருக்கும் மெல்லிய தகடு. அதன் பொட்டு ஒட்டுக்கள் துருப்பிடித்து விட்டுவிடும். குளிர்ந்த இயந்திரத்தில் அதிகமாகச் சலசலத்து, சூடேறியதும் குறைவது இதன் குணம். சைலன்சரைத் தொங்கவிடும் றப்பர் அறுந்திருக்கலாம். சைலன்சருக்கு உள்ளே இருக்கும் தகடுகள் உடைந்து குலுங்கலாம். பெற்றோல் வாகனமானால் புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கன்வேட்டரின் உட்பகுதி நொறுங்கியிருக்கலாம். இயந்திரத்தைத் தாங்கும் மவுன்ட் றப்பர் இறங்கியிருந்தாலும் நிற்கும்போதே நடுக்கத்தோடு சத்தம் வரும்.

இரண்டாவது, பள்ளத்தில் விழும்போது மட்டும் வருகிறதா? அப்படியானால் சஸ்பென்ஷன் பக்கம் பாருங்கள். சிறு சிறு கற்களில் தொடர்ந்து தடதடத்தால் ஸ்டெபிலைசர் லிங்க், அதன் புஷ் ஆகியவற்றில் தொடங்கலாம். பெரிய பள்ளத்தில் ஒரு முறை 'டொங்' என்று இடித்தால் ஷொக் அப்சோபரின் மேல், கீழ் புஷ், கைகளின் புஷ், போல் ஜொயின்ட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங் உள்ள வேன், லொறிகளில் ஷக்கிள் புஷ் தேய்வதும், யூ போல்ட் இளகுவதும், தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப் கழன்றுவிடுவதும் வழமையானவை. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதும் சத்தம் வந்தால், அல்லது வாகனம் ஒரு பக்கம் இழுத்தால், டை ரொட் என்டையும் போல் ஜொயின்டையும் அன்றைக்கே சோதிக்க வேண்டும்.

மூன்றாவது, வேகத்தோடு சேர்ந்து கூடிக் குறைகிறதா? சில்லு சுற்றும் தாளத்தில் 'டிக் டிக்' என்று வந்து, வேகம் கூடக்கூட நெருக்கமாகினால் சில்லோடு சுற்றும் ஏதோ ஒன்றுதான் காரணம். டயரில் குத்திய கல்லாக இருக்கலாம். பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின்னுள்ள தகட்டுக்கும் இடையில் அகப்பட்ட சிறு கல்லாக இருக்கலாம். இளகிய வீல் நட்டாகவும் இருக்கலாம். எனவே வாகனத்தை நிறுத்தி முதலில் வீல் நட்களைப் பாருங்கள். பின்சில்லு இயங்கும் வாகனங்களில் புரொப்பெல்லர் ஷாஃப்டின் யுனிவர்சல் ஜொயின்ட் தேய்ந்தால், கியரைப் போட்டுக் கிளட்சை விடும் கணத்தில் 'டக்' என்று ஓர் அடி விழும். பின்னர் வேகத்தில் நடுக்கம் வரும். முன்சில்லு இயங்கும் கார்களில் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி ஓடும்போது 'கட கட' என்று வந்தால் சி.வி. ஜொயின்டைச் சந்தேகிக்கலாம்.

நான்காவது, பிரேக்கை மெல்ல மிதித்தால் சத்தம் நிற்கிறதா? நின்றால் பிரேக் பேட், அதைப் பிடிக்கும் சிறு ஸ்பிரிங் கிளிப், கலிப்பர் பின் ஆகிய மூன்றில் ஒன்று ஆடுகிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். மிதித்தால் சத்தம் புதிதாகத் தொடங்குமானால் அதை இன்னும் கவனமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, யார் கேட்டார்கள், எங்கிருந்து கேட்டார்கள்? இது பலரும் மறக்கும் கேள்வி. இரும்பு சத்தத்தைக் கடத்தும். பின்னால் எழும் சத்தம் சேஸி வழியே வந்து சாரதியின் காலடியில் கேட்கும். எனவே சாரதியின் காதை மட்டும் நம்பக்கூடாது. இன்னொருவரை ஓட்டவிட்டு நீங்கள் பின் ஆசனத்தில் இருந்து கேளுங்கள். சமதரையில் நடை வேகத்தில் ஓட்டச் சொல்லி ஒவ்வொரு பக்கமாகக் கூடவே நடந்து பாருங்கள்.

இந்த ஐந்துக்கும் கிடைத்த பதிலை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு கராஜுக்குப் போங்கள். பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்கவேண்டாம், சத்தத்தின் கதையைச் சொல்லுங்கள். நல்ல பாஸ் ஒருவருக்கு அது பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. ஜக் ஒன்றின் மேல் மட்டும் நிற்கும் வாகனத்தின் கீழே ஒருபோதும் நுழையாதீர்கள். ஜக் சில்லு மாற்றுவதற்கானது. கீழே போவதானால் அச்சைத் தாங்கும் ஸ்டான்ட் வேண்டும், சில்லுக்குக் கட்டை வைக்க வேண்டும், தரை சமமாக இருக்க வேண்டும். நம் மலைநாட்டில் சமதரை கிடைப்பதே அரிது என்பதால் கராஜின் குழியையோ, சேவிஸ் ஸ்டேஷனின் ஹொயிஸ்டையோ தேடிப் போவதே புத்திசாலித்தனம். ஓடிவந்த உடனே சைலன்சரில் கை வைப்பதும் வேண்டாம்.

இரண்டு வாகனங்களின் கதை

நான் அறிந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். முதலாவது, கொஸ்லந்தைப் பக்கத்தில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் ஒரு டொல்பின் வேன். முன்பக்கம் சத்தம் என்று சாரதி சொல்ல, முதலில் ஷொக் அப்சோபர் ஒரு சோடி மாறியது. சத்தம் நிற்கவில்லை. பின்னர் ஸ்டெபிலைசர் புஷ் மாறியது. அப்போதும் நிற்கவில்லை. மூன்றாவதாகக் கீழ்க் கையின் புஷ் வாங்க என் கடைக்கு வந்தார். "பின்னுக்கு இருந்து யாராவது கேட்டுப் பார்த்தார்களா?" என்று கேட்டேன். இல்லை. கடைப் பையன் ஒருவனைப் பின்னால் இருத்தி வீதியில் ஒரு சுற்று ஓடிவரச் சொன்னோம். அடியில் தொங்கும் உபரிச் சில்லைப் பிடிக்கும் சங்கிலி இளகி, கல்லில் ஏறும்போதெல்லாம் சில்லு சேஸியில் மோதிக்கொண்டிருந்தது. கைப்பிடியால் இறுக்கியதும் வேலை முடிந்தது. செலவு எதுவுமில்லை. ஆனால் அதற்கு முன்னர் இரண்டு வகைப் பொருட்களுக்கும், இரண்டு முறைக் கூலிக்கும், வேன் கராஜில் நின்ற நாட்களின் ஹயருக்கும் அவர் இழந்தது திரும்பி வரவில்லை. மாற்றிய ஷொக் அப்சோபர்கள் பழுதானவையும் அல்ல.

இரண்டாவது, மரக்கறி ஏற்றும் ஒரு சிறு லொறி. 'டிக் டிக்' என்று மெல்லிய சத்தம், அவ்வளவுதான். டயரில் கல் குத்தியிருக்கும் என்று சாரதி இரண்டு நாள் ஓட்டியிருக்கிறார். மூன்றாம் நாள் வேறு ஏதோ வாங்க வந்தபோது பேச்சுவாக்கில் சொன்னார். வேகத்தோடு கூடுகிறதா என்று கேட்டதற்கு ஆம் என்றார். கடைவாசலிலேயே வீல் ஸ்பனரைப் போட்டுப் பார்த்தால் பின்சில்லு ஒன்றில் இரண்டு நட்கள் விரலால் சுழன்றன. சில நாட்களுக்கு முன்னர்தான் டயர் மாற்றியிருந்தார்கள். சில்லு கழற்றிப் பூட்டிய பின் 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் நட்களை மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும் என்பது பழைய விதி. அதை யாரும் செய்திருக்கவில்லை. அன்று மாலை அந்த லொறி முழுச் சுமையோடு இறக்கத்தில் இறங்க இருந்தது.

முதல் வாகனத்தில் சத்தம் பெரிது, விடயம் சிறிது. இரண்டாவதில் சத்தம் சிறிது, விடயம் பெரிது. சத்தத்தின் அளவை வைத்து ஆபத்தை அளக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

எனவே ஒரு பொது விதியை மனதில் வைத்துக்கொள்ளலாம். ஸ்டியரிங்கோடும், பிரேக்கோடும், சில்லின் சுழற்சியோடும் சேர்ந்து வரும் சத்தம் எதுவானாலும் அந்த இடத்திலேயே வாகனத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். சைலன்சர் தகட்டின் சலசலப்பு ஓரிரு நாள் பொறுக்கும். அதையும் மாதக்கணக்கில் விட்டுவிடக்கூடாது. குழாயில் ஓட்டை விழுந்தால் நச்சுப் புகை வேனுக்குள் ஏறும். உள்ளே இருப்பது ஜன்னலை மூடிக்கொண்டு தூங்கும் பிள்ளைகளாக இருக்கலாம்.

பார்ப்பதற்கு ஏன் யாரும் கூலி கொடுப்பதில்லை?

இனி வியாபாரக் கணக்குக்கு வருவோம். ஒரு பாஸ் ஒரு மணி நேரம் வாகனத்தின் அடியில் கிடந்து, ஓட்டிப் பார்த்து, தட்டிப் பார்த்து, "ஒன்றுமில்லை, கிளிப் ஒன்று போட்டால் சரி" என்று சொன்னால் அவருக்கு என்ன கிடைக்கும்? பெரும்பாலும் ஒரு தேநீர். "ஒன்றுமில்லாததுக்கு எதற்குப் பணம்?" என்று கேட்பவர்களும் உண்டு. அதே பாஸ், பார்க்காமலே இரண்டு ஷொக் அப்சோபர்களைக் கழற்றிப் பூட்டினால் கூலி கிடைக்கும். சில இடங்களில் கடைக்காரரிடமிருந்து கமிஷனும் கிடைக்கும். இப்படியொரு முறையை நாமே ஏற்படுத்திவிட்டு, பாஸ்மார் தேவையில்லாமல் பொருள் மாற்றுகிறார்கள் என்று குறைகூறுவது நியாயமா? அறிவுக்குப் பணம் கொடுக்காத வாடிக்கையாளருக்கு ஊகம்தான் கிடைக்கும்.

வைத்தியரிடம் போகிறோம். அவர் சோதித்துப் பார்த்து, மருந்து தேவையில்லை, ஓய்வெடுங்கள் என்று சொன்னாலும் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்புகிறோம். வாகனத்துக்கு மட்டும் ஏன் அந்த வழக்கம் இல்லை?

அடுத்த காரணம் நேரம். தவணை கட்டும் வேன்காரர் ஒருவருக்கு அரை நாள் வாகனத்தை நிறுத்துவது என்றால் அன்றைய ஹயர் போய்விடும். தவணைத் திகதியோ நிற்காது. அதனால் வானொலியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டு ஓட்டுகிறார். இதை அலட்சியம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனம் வருவதில்லை.

மீரியபெத்த சொல்லும் பாடம்

மீரியபெத்த என்ற பெயரை எழுதும்போது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதியைக் கடந்து போக முடியாது. அன்று காலை மலை சரிந்து வந்து அந்தத் தோட்டத்தின் லயன்களை மண்ணுக்குள் புதைத்தது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்த விடயம் அதன் பின்னர் பத்திரிகைகளில் பரவலாகப் பேசப்பட்டது. எச்சரித்தும் ஏன் போகவில்லை என்று அன்று தொலைவில் இருந்து கேட்டவர்கள் பலர். போவதற்கு அவர்களுக்கு வேறு வீடு எங்கே இருந்தது? வேலையும் லயனும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருந்தவர்களிடம், வீட்டைக் காட்டாமல் எச்சரிக்கையை மட்டும் கொடுத்தால் அவர்கள் என்ன செய்வார்கள்?

அந்தப் பெரும் துயரத்தை ஒரு வேனின் சத்தத்தோடு ஒப்பிட நான் வரவில்லை. இரண்டும் ஒன்றாகாது. ஆனால் அந்தத் துயரம் நமக்கு விட்டுச்சென்ற ஓர் உண்மை, எல்லாச் சிறிய விடயங்களுக்கும் பொருந்துகிறது. எச்சரிக்கை பயன்தர வேண்டுமானால், அதைக் கேட்டவருக்கு அதன்படி நடக்க வசதியும் இருக்க வேண்டும். சத்தம் கேட்டால் நிறுத்து என்று சாரதிக்குப் புத்தி சொல்வது இலகு. நிறுத்திய அரை நாளுக்கு யார் பொறுப்பு என்பதே உண்மையான கேள்வி.

2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 15 பேர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. 2021 மார்ச்சில் பசறையில் நடந்த பஸ் விபத்தும் நினைவில் இருக்கிறது. அவற்றின் காரணங்களை ஆராய்வது விசாரணை செய்பவர்களின் வேலை, நான் அதற்குள் போகவில்லை. நம் மாகாணத்தின் வீதிகள் வாகனத்தின் சிறு குறையையும், சாரதியின் ஒரு கணத் தவறையும் மன்னிப்பதில்லை என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். சமவெளியில் பாதையோரத்தில் நின்றுவிடும் வாகனம் இங்கு பள்ளத்துக்குப் போகும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது யோசனை கராஜ் நடத்தும் சகோதரர்களுக்கு. சோதனைக் கட்டணம் என்று ஒன்றைத் தீர்மானித்துப் பலகையில் எழுதிப் போடுங்கள். ஓட்டிப் பார்த்து, தூக்கிப் பார்த்து, கண்டதை ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். உடனே செய்யவேண்டியது எது, ஒரு மாதம் பொறுக்கக்கூடியது எது, செய்யத் தேவையில்லாதது எது என்று மூன்றாகப் பிரித்து எழுதினால் இன்னும் நல்லது. முதலில் சிலர் முணுமுணுப்பார்கள். ஒரு சோடி ஷொக் அப்சோபரின் விலை மிஞ்சியவர் தானாகவே பத்துப் பேரிடம் சொல்வார்.

இரண்டாவது, என்னைப் போன்ற கடைக்காரர்களுக்கு. பொருளை எடுத்து மேசையில் வைப்பதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். பெட்டி பிரிக்காத பொருளைத் திருப்பி எடுங்கள். நான் பல வருடங்களாக எடுக்கிறேன், கடை மூடப்படவில்லை. பாஸ்மாருக்குக் கமிஷன் கொடுப்பதை நிறுத்தினால், அந்தத் தொகை வாடிக்கையாளரின் விலையில் குறையும். பழைய வாகனம் விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. சத்தத்தை மறைக்க ஒரு நாளைக்குத் தாங்கும்படி எதையாவது செருகி விற்கும் தந்திரங்கள் சந்தையில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். பொருளின் குறையை வாங்குபவருக்குச் சொல்லி விற்பதே ஹலாலான வியாபாரம் என்பதை நாம் மத்ரஸாவிலேயே படித்துவிட்டோம். அந்தப் பாடம் கோதுமைக்கும் பேரீச்சம்பழத்துக்கும் மட்டும் உரியதல்ல, டொல்பின் வேனுக்கும் உரியது.

மூன்றாவது, வாகனத்தை அமர்த்துபவர்களுக்கு. மாதாந்தம் பாடசாலை வேனுக்குப் பணம் கட்டும் பெற்றோரும், தினமும் சாமான் ஏற்றும் கடைக்காரரும் மாதத்தில் அரை நாளைச் சோதனைக்கென்று விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த அரை நாளுக்காகக் கூலியில் வெட்டக்கூடாது. இருபது பெற்றோர் சேர்ந்து சோதனைக் கட்டணத்தைப் பகிர்ந்தால் ஒருவருக்கு வரும் பங்கு பிள்ளைக்கு வாங்கும் கொப்பியின் விலையைத் தாண்டாது. அந்தத் துண்டைச் சாரதியிடம் கேட்டு வாங்கிப் பார்ப்பது உங்கள் உரிமை. அவரை அவமதிப்பதாக அவரும் எண்ணக்கூடாது.

நான்காவது, நம் ஊர் வர்த்தக சங்கங்களுக்கும் பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும். வட்டியில்லாக் கடன் கொடுக்கும்போது புதிதாகத் தொழில் தொடங்குபவரையே பெரும்பாலும் தேடுகிறோம். ஓடிக்கொண்டிருக்கும் தொழில் விழாமல் தாங்குவதற்கும் அதில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினால் என்ன? போல் ஜொயின்ட் மாற்றப் பணமில்லாமல் வண்டி ஓட்டும் ஒருவருக்கு இரண்டு மாதத் தவணையில் சிறு தொகை போதும். கொஸ்லந்தை வேன்காரர் எந்த மதத்தவர் என்று பார்க்கவும் வேண்டாம். அவருடைய வேனில் நம் சாமானும் போகிறது, நம் பிள்ளைகளும் போகிறார்கள். எதிரே வருவதும் நம் வாகனம்தான்.

ஒக்டோபர், நவம்பர் மாத மழை தொடங்கினால் தோட்டப் பாதைகளில் கல் மேலும் கிளம்பும், வீதிகள் வழுக்கும். அதற்கு முன்னர் ஒரு நாளைத் தெரிவுசெய்து, வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, உள்ளே கிடப்பதை இறக்கி, மேலே சொன்ன ஐந்து கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். பதில் விளங்காவிட்டால் நல்ல பாஸ் ஒருவரைத் தேடிப் போய், "மாற்றுவது பிறகு, முதலில் பார்த்துச் சொல்லுங்கள், பார்த்ததற்குப் பணம் தருகிறேன்" என்று சொல்லுங்கள். இந்த ஒரு வசனம் நம் கராஜ்களில் பழக்கமாகிவிட்டால், என் கடையில் சில பொருட்களின் விற்பனை குறையும். குறையட்டும்.